பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்கு (மாங்குரோவ், அதாவது கடலோர உப்பு நீரில் வளரும் காடு) குழந்தைகளை அழைத்துப் போனால் படகுச் சவாரி தவிர அவர்கள் கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கிறதா?

நிறைய இருக்கிறது. ஆனால் எந்தப் படகில் ஏறுகிறீர்கள் என்பதில்தான் பாதி விஷயம் அடங்கியிருக்கிறது. மோட்டார் படகு அகலமான கால்வாய்களில் மட்டும் வேகமாக ஒரு சுற்று சுற்றிக் கொண்டுவந்து விட்டுவிடும், காற்று நன்றாக இருக்கும், போட்டோ எடுக்கலாம், அவ்வளவுதான். பிள்ளைகளுக்குக் காட்டைக் காட்ட வேண்டும் என்றால் துடுப்புப் படகு கேளுங்கள். கிளைகள் இரண்டு பக்கமும் தலைக்கு மேலே கூடியிருக்கும் ஒடுக்கமான கால்வாய்க்குள் அதுதான் போகும், சத்தம் இல்லாததால் பறவைகளும் உடனே எழுந்து பறந்துவிடாது.

சிதம்பரத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், இரண்டு முகத்துவாரங்களுக்கும் நடுவில் இருக்கிறது இந்தக் காடு. ஆற்றின் நன்னீரும் வங்கக்கடலின் உப்பு நீரும் கலக்கிற இடம். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022-ல் இதைச் சேர்த்தார்கள். பிள்ளைகளிடம் போகிற வழியிலேயே ஒரு கேள்வியைப் போட்டுவிடுங்கள்: வீட்டில் ஒரு செடிக்குத் தினமும் உப்புத் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும்? செத்துப்போகும் என்பார்கள். அப்படியானால் இங்கே மட்டும் இவ்வளவு மரம் எப்படி நிற்கிறது என்று அவர்களே மண்டையைக் குடைந்துகொள்ளட்டும்.

பதில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. இங்கே அதிகமாக இருப்பது வெண்கண்டல் மரம். உள்ளே வந்த உப்பில் ஒரு பகுதியை இலை வழியாக வெளியே தள்ளிவிடும். மழை இல்லாத நாளில் இலையை உற்றுப் பார்த்தால் பொடிப் பொடியாக உப்பு தெரியும், விரலால் தடவி நாக்கில் வைத்துப் பார்த்தால் கரிக்கும். வகுப்பறையில் அரை மணி நேரம் சொன்னாலும் பதியாதது அந்த ஒரு விரலில் பதிந்துவிடுவதை நான் என் வகுப்புப் பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறேன். அதே மரத்தடியில் சேற்றிலிருந்து நூற்றுக்கணக்கில் மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருப்பவை மூச்சு வேர்கள். சேற்றுக்குள் ஆக்சிஜன் கிடையாது, அதனால் வேர் வெளியே வந்து காற்றை எடுத்துக்கொள்கிறது. இதைச் சரியாகப் பார்க்க வேண்டும் என்றால் நீர் வற்றிய நேரமாகப் போக வேண்டும். இங்கே கடல் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான், இருந்தாலும் அந்தக் கொஞ்ச வித்தியாசத்திலேயே வேர்கள் மூழ்கியும் போகும், வெளியேயும் தெரியும். படகுத்துறையில் இருப்பவர்களிடம் கேட்டால் அன்றைக்கு எப்போது வற்றும் என்று சொல்லிவிடுவார்கள்.

அடுத்தது சுரபுன்னை. கரையோரமாகக் கால்களை அகட்டி ஊன்றி நிற்பது அதுதான். அதன் விதை மரத்தில் தொங்கும்போதே முளைத்துவிடும், சின்ன முருங்கைக்காய் மாதிரி நீளமாகத் தொங்கும். கீழே விழுந்தால் சேற்றில் குத்தி அங்கேயே வேர்விடும், இல்லாவிட்டால் மிதந்து போய் வேறு கரையில் ஒதுங்கும்.

தில்லை மரத்தைப் பற்றி மட்டும் எச்சரிக்கை. சிதம்பரம் நடராசர் கோவிலின் தல மரம் இதுதான், அதைச் சொன்னால் பிள்ளைகளுக்கு உடனே ஆர்வம் வந்துவிடும், இலை உதிர்வதற்கு முன் சிவந்து பார்க்கவும் அழகாக இருக்கும். ஆனால் கிளையை ஒடித்தால் வரும் பால் கண்ணில் பட்டால் கடுமையாகப் பாதிக்கும், தோலிலும் எரியும். அதனால் எந்த மரம் எது என்று படகோட்டி அண்ணனிடம் கேட்டுக்கொண்ட பிறகுதான் எதையும் தொட வேண்டும், எதையும் ஒடிக்கவே கூடாது. இதைப் படகில் ஏறுவதற்கு முன்பே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

கொஞ்சம் பெரிய பிள்ளைகள் என்றால் காடு அழிந்து மீண்ட கதையையும் சொல்லலாம். வெள்ளையர் காலத்திலும் அதற்குப் பிறகும் இங்கே பகுதி பகுதியாக மொத்தமாக மரங்களை வெட்டினார்கள். நிழல் போனதும் மண் காய்ந்து நடுவில் பள்ளமாக இறங்கிவிட்டது. பள்ளத்துக்குள் வந்த கடல்நீர் திரும்பப் போக வழியில்லாமல் அங்கேயே தேங்கி வற்ற, உப்பு ஏறிக்கொண்டே போய் ஒரு செடியும் முளைக்காத பொட்டல் ஆகிவிட்டது. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து மீன்முள் வடிவத்தில் கால்வாய் வெட்டினார்கள். தண்ணீர் வந்து போக ஆரம்பித்ததும் உப்பு குறைந்தது, கன்று நட்டார்கள், காடு திரும்ப வந்தது. எனக்கு இந்தக் காட்டில் ரொம்பப் பிடித்தது இந்தக் கதைதான், ஏனென்றால் கன்று நடுவதற்கு முன்பு தண்ணீர் ஏன் நின்றுபோனது என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

2004 சுனாமியில் இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்ததைப் படகோட்டிகளே சொல்வார்கள். உண்மைதான். ஆனால் கடலிலிருந்து எவ்வளவு தூரம், தரை எவ்வளவு உயரம் என்பவையும் அதில் சேர்ந்திருக்கின்றன, அதையும் சேர்த்தே சொல்லுங்கள். பிள்ளைகளுக்குப் புரியும்.

கால்வாயில் இருளர் மக்கள் மார்பளவு தண்ணீரில் நகர்ந்துகொண்டே வெறும் கையால் இறால் துழாவிப் பிடிப்பதைப் பார்க்க நேரலாம். அது அவர்களுடைய அன்றாடப் பிழைப்பு. செல்போனைத் தூக்கி முகத்துக்கு நேரே நீட்ட வேண்டாம், படகும் அவர்களை விட்டு ஒதுங்கிப் போகட்டும்.

அப்புறம் நடைமுறை விஷயங்கள். காலையில் முதல் படகுகளில் ஒன்றைப் பிடியுங்கள், திறந்த நீரில் வெயில் சுள்ளென்று அடிக்கும், தொப்பியும் தண்ணீரும் அவசியம். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வலசைப் பறவைகள் இருக்கும், புயல் மழை நாட்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள். சனி ஞாயிறு கூட்டம் அதிகம். லைஃப் ஜாக்கெட் பிள்ளைகளின் அளவுக்குச் சரியாக இருக்கிறதா என்று போட்டுப் பார்த்த பிறகே ஏற்றுங்கள். பிஸ்கட் பாக்கெட்டைப் படகில் பிரிக்க விடாதீர்கள், உறை காற்றில் பறந்து வேர்களுக்கு நடுவில் சிக்கினால் எடுக்கவே முடியாது.

பள்ளிக் குழுவாகப் போகிறீர்கள் என்றால் பக்கத்திலேயே பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது, அங்கே ஓர் அருங்காட்சியகமும் உண்டு. முன்கூட்டியே கடிதம் எழுதி அனுமதி கேட்டு வைத்துக்கொண்டால், காலையில் காடு, மதியத்துக்கு மேல் அது என்று ஒரே நாளில் முடித்துவிடலாம்.