பொறுத்தார் பூமி ஆள்வார் என்றால், எத்தனை பேர்ச்சஸ்?

கேள்வி: அதிகாரம், வெற்றி, துன்பம், நீதி பற்றி முன்னோர் சொல்லிவைத்தவற்றில் இன்றைக்கும் பொருந்துவது எது? நானும் இலங்கை மலையகம்தான். கொழும்பில் வேலை, அம்மா இன்னும் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார். பொத்தாம்பொதுவாக இல்லாமல் உங்கள் வாழ்க்கையோடு சேர்த்துச் சொல்லுங்கள்.

பதில்:

மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன். இப்போது ஹட்டனில் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். முன்னோர் சொன்னது ஏறக்குறைய எல்லாமே இன்றைக்கும் பொருந்தும் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் அதை யாருக்குச் சொன்னார்கள் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் பக்கம் அதிகாரத்தில் இருக்கிறவனுக்குச் சொன்ன புத்தியெல்லாம் கூடை சுமக்கிறவள் தலையில் இறங்கியிருக்கிறது.

திருவள்ளுவரையே எடுத்துக்கொள்ளுங்கள். "அல்லற்பட்டு ஆற்றாது அழுதகண் ணீரன்றே செல்வத்தைத் தேய்க்கும் படை." கோயில் திருவிழாவிலும் மே தின மேடையிலும் இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அழுங்கள், உங்கள் கண்ணீர் சும்மா விடாது என்கிற மாதிரிதான் பேசுவார்கள். இந்தக் குறள் இருப்பது கொடுங்கோன்மை என்ற அதிகாரத்தில். ஆளுகிறவனைப் பார்த்து, "உன்னால் அழுகிறவனின் கண்ணீர் உன் செல்வத்தை அரித்துவிடும், பார்த்து நட" என்று எச்சரிக்கிறார் வள்ளுவர். அழுகிறவனிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. துரை பங்களாவில் ஓத வேண்டியதை, காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் ஓதினால் அது தாலாட்டாகிவிடுகிறது.

"அரசன் அன்று கொல்லும், தெய்வம் நின்று கொல்லும்" என்பதும் இதே கதைதான். தப்புச் செய்கிறவனுக்குச் சொன்ன எச்சரிக்கையை அழுகிறவனுக்கு ஆறுதலாக ஓதுகிறார்கள்.

"பொறுத்தார் பூமி ஆள்வார்" என்பதற்கு வருவோம். 1823இல் இந்தியாவிலிருந்து இங்கே கோப்பித் தோட்டத்துக்கு ஆள் கொண்டுவரத் தொடங்கியதைக் கணக்கு வைத்துத்தான் 2023இல் மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். இருநூறு வருடப் பொறுமைக்கு எவ்வளவு பூமி கிடைத்தது? இன்றைக்கும் பெரும்பாலான லயத்துக்காரர்களிடம் தாங்கள் படுத்து எழும்பும் இடத்துக்குக் காணி உறுதிப் பத்திரம் இல்லை. தனி வீட்டுத் திட்டம் வந்தபோது ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் என்றார்கள். ஒரு ஏக்கர் என்பது 160 பேர்ச்சஸ். அந்த ஏழுக்கும் எத்தனை ஊர்வலம், எத்தனை கையெழுத்து!

பூமியை விடுங்கள், ஆளையே எண்ணிப் பிரித்தார்கள். 1948இல் எங்கள் ஆட்களின் குடியுரிமையைப் பறித்த சட்டம் வந்தது, அடுத்த வருடம் வாக்கும் போனது. 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் எங்களைப் பிரித்துக்கொள்ள ஒப்பந்தம் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த மிச்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதி என்று பிரித்துக்கொண்டார்கள். என் தாத்தாவின் தம்பி குடும்பம் இந்தியாவில் நீலகிரிப் பக்கம் கோத்தகிரிக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கேயும் தேயிலைதான். ஹட்டன் ஸ்டேசனில் கோச்சி கிளம்பியபோது எழுந்த ஒப்பாரியைப் பற்றித் தாத்தா சாகும்வரை பேசினார். ஒப்பந்தம் போட்டவர்கள் யாரையும் ஒருநாளும் திட்டியதில்லை. "பெரிய இடம்" என்பார், அவ்வளவுதான். எனக்கு அது பெருந்தன்மையாகத் தெரியவில்லை. திட்டக்கூட எட்டாத உயரத்தில் அவர்கள் இருந்தார்கள்.

இனி அதிகாரம். பெரிய அதிகாரத்தைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் பார்த்தது கொழுந்து மடுவத்து, அதாவது எடுத்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகையின், அதிகாரம். என் அத்தை கொழுந்து எடுத்த காலத்தில் சாயங்காலம் சாக்கை இறக்கித் தராசில் மாட்டினால் முள் பெண்கள் பக்கம் திரும்பியிருக்காது. நிறுக்கிற ஐயா பார்த்து ஒரு எண் சொல்வார், பக்கத்தில் நிற்கிறவர் எழுதிக்கொள்வார். சாக்குக்கு என்று எடையில் ஒரு கழிவு, மழைநாளில் தண்ணீருக்கு ஒரு கழிவு, முத்தல் இலை கிடந்தால் இன்னொன்று. மழை பெய்யாத நாளிலும் தண்ணீர்க் கழிவு இருந்ததை நானே மடுவத்தில் நின்று பார்த்திருக்கிறேன். போட வேண்டிய கிலோவுக்குக் கொஞ்சம் குறைந்தாலும் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். நாள் முழுக்கச் சரிவில் நின்றவளின் கூலியை முழுசா பாதியா என்று தீர்மானிப்பது அந்தக் கழிவுதான். கேள்வி கேட்டால் மறுநாள் செங்குத்தான, கொழுந்து குறைந்த மலையில் எடுக்கிற நிரை, அதாவது வரிசை, கிடைக்கும். யாரும் அடிப்பதில்லை, வைவதுகூட இல்லை.

ஆனால் அந்த ஐயாவும் நாலு லயம் தள்ளி இருப்பவர்தான். அவர் பிள்ளைகளும் எங்களோடுதான் படித்தார்கள். கழிவு போடச் சொன்னவர்கள் மேலே எங்கேயோ இருந்தார்கள்.

இந்த இடத்தில் எனக்குக் காமன் கூத்து ஞாபகம் வரும். புத்தகங்களைவிட அதிகாரத்தைப் பற்றி எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது அந்தக் கூத்து. மாசியில் காமன் பொட்டலில் கம்பம் நட்டுவிட்டால் லயமே அங்கேதான் கிடக்கும். கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும். சிவன் தவத்தில் இருக்கிறார். சூரனை அழிக்க அவருக்கு ஒரு பிள்ளை பிறந்தாக வேண்டும். தவத்தைக் கலைக்க வேண்டிய தேவை தேவர்களுக்கு, போகவேண்டியவன் மன்மதன். ரதி வழியை மறிக்கிறாள். போனால் எரிந்துபோவாய், அனுப்புகிறவர்கள் யாரும் கூட வரமாட்டார்கள் என்று விடிய விடியத் தர்க்கம் பண்ணுகிறாள். அவன் போகிறான், எரிகிறான். இந்திரனின் நாற்காலிக்கு ஒன்றும் ஆகவில்லை.

எங்கள் தோட்டத்தில் ரதி வேஷம் கட்டியவர் பகலில் கவ்வாத்து வெட்டுகிறவர், அதாவது தேயிலைச் செடியைக் கத்தியால் வெட்டிச் சீராக்குகிறவர். வளையல் போட்ட கையில் கவ்வாத்துக் கத்தித் தழும்பு பெற்றோமாக்ஸ் வெளிச்சத்தில் நன்றாகத் தெரியும். அவர் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கினால், சின்ன வயதில் புருஷனைப் பறிகொடுத்த பெண்கள் கூத்து என்பதையே மறந்துவிடுவார்கள்.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்கிறோம். பாதிதான் சரி. அம்புக்கு யோசனை இல்லை, மன்மதனுக்கு இருந்தது. ரதி அவ்வளவு எடுத்துச் சொல்லியும் போனான். நிறுக்கிற ஐயாவுக்கும் தெரியும். அதனால் அவரைச் சும்மா விடவும் எனக்கு மனம் வராது, அவரோடு மட்டும் சண்டை போட்டுவிட்டு வீட்டுக்குப் போகவும் மனம் வராது.

வெற்றி பற்றி அதிகம் சொல்ல இல்லை. 1947 தேர்தலில் எங்கள் ஆட்களின் கட்சியான இலங்கை இந்தியர் காங்கிரஸ் 7 இடம் வென்றது. இரண்டே வருடத்தில் வாக்குப் போட்டவர்களுக்கே வாக்கு இல்லை. 2021இல் நாள் சம்பளம் 1,000 ரூபாய் ஆனபோது பட்டாசு வெடித்தோம். பல தோட்டங்களில் அதன் பின்னாலேயே எடுக்க வேண்டிய கிலோ கூடியது, வேலை நாள் குறைந்தது. 2024இல் 1,350 ஆனபோது பட்டாசுச் சத்தம் அவ்வளவாக இல்லை. ஆட்களுக்குப் புத்தி வந்துவிட்டது, வேறென்ன.

துன்பம் மனிதனைப் பக்குவப்படுத்தும் என்று சொல்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லாந்தை மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடமே தெரியவில்லை. எங்கள் பக்கத்திலும் பலர் "விதி" என்றார்கள். அந்த இடம் ஆபத்தானது, ஆட்களை எழுப்புங்கள் என்று பல வருடம் முன்பே எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. எழுப்ப வேண்டியவர்கள் மாற்று இடம் கொடுத்து எழுப்பவில்லை. கடிதம் போட்டும் நடக்காத வேலைக்கு விதி என்று பெயர் வைத்தால், அந்தக் கடிதம் யார் மேசையில் கிடந்தது என்று யாரும் கேட்கப்போவதில்லை.

ஆனால் அந்தத் துன்பத்துக்குள்ளும் எங்கள் ஆட்கள் சிரிப்பார்கள். சாவு வீட்டிலும் நக்கல் ஓடும். அதைத் தத்துவமாக்க வேண்டாம். பழக்கம்.

நீதி என்றவுடன் கண்ணகியைச் சொல்வார்கள், அவள் கோபத்தைச் சொல்வார்கள், மதுரை எரிந்ததைச் சொல்வார்கள். அதற்கு முன்னால் அவள் செய்த வேலையைச் சொல்ல மறந்துவிடுவார்கள். சபைக்குப் போய், என் சிலம்பில் இருப்பது மாணிக்கம் என்றாள். பாண்டியன் தன் மனைவியின் சிலம்பில் இருப்பது முத்து என்றான். உடைத்தாள், மாணிக்கம் தெறித்தது. வழக்கு அங்கேயே முடிந்தது. கோபம் எல்லோருக்கும்தான் வருகிறது, அவள் கையில் சான்று இருந்தது.

அத்தையிடம் இருந்தது ஒரு கொப்பி. என் பழைய கணக்குக் கொப்பியின் மிச்சத் தாள்கள்தான். வீட்டிலேயே ஒரு சின்னத் தூக்குத் தராசு வைத்திருந்தோம். வெறுஞ்சாக்கைக் காய்ந்தபடி ஒருமுறை, நனைத்து ஒருமுறை நிறுத்து எழுதினார். தினமும் ஐயா சொன்ன எண், போட்ட கழிவு, மழையா வெயிலா என்று எழுதினார். மாத முடிவில் சம்பளச் சிட்டையோடு ஒத்துப் பார்த்தார். மற்றப் பெண்களும் எழுதத் தொடங்கினார்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் எழுதிக்கொடுத்தார்கள். கொப்பிகளை எல்லாம் சேர்த்துத் தொழிற்சங்கத் தலைவரிடம் கொடுத்தபோதும் அவருக்கு அதில் பெரிய அக்கறை இல்லை. அப்புறம் பெண்களே கட்டாகக் கட்டிக்கொண்டு ஒபிசுக்குப் போனார்கள். வெயில் நாளில் தண்ணீர்க் கழிவு நின்றது. தராசை எல்லோரும் பார்க்கிற மாதிரித் திருப்பி மாட்டினார்கள். சாக்குக் கழிவு குறைந்தது, ஆனாலும் உண்மையான எடைக்கு வரவில்லை. பக்கத்து டிவிசனில் ஒன்றும் மாறவில்லை. போன பணமும் திரும்பி வரவில்லை.

அத்தை இதைப் பெரிய வெற்றி என்று ஒருநாளும் சொன்னதில்லை. யாராவது புகழ்ந்தால், "எழுதினா வாசிச்சுத்தானே ஆகணும்" என்பார்.

உங்கள் அம்மா தோட்டத்தில் இருக்கிறார் என்று சொன்னீர்கள். அடுத்தமுறை ஊருக்குப் போகும்போது அவருடைய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், சம்பளச் சிட்டை மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு அவர் சம்பளத்தில் நூற்றுக்கு 8 பிடிக்கிறார்கள், தோட்டம் 12 போட வேண்டும். தோட்டத்துப் பதிவில் லெட்சுமி, அடையாள அட்டையில் மகாலெட்சுமி என்று இருந்தால் ஓய்வு பெறும்போது அந்தப் பணத்தை எடுக்க நாயாய் அலைய வேண்டும். எங்கள் லயத்தில் அப்படி அலைந்தவர்கள் நிறையப் பேர். பெயர் வேறுபட்டிருந்தால், அம்மா வேலையில் இருக்கும்போதே தோட்ட ஒபிசில் எழுத்தில் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள், கொடுத்த கடிதத்தின் பிரதியில் திகதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.