குறைந்தது நேரம், கூட்டியது மதிப்பெண்

கேள்வி: திருப்பூர் மாவட்டத்தில் உள்ள ஓர் அரசு கலை அறிவியல் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராகப் பொருளியல் கற்பிக்கிறேன். என் வகுப்பு மாணவர்களில் பலர் மதியம் கல்லூரி விட்டதும் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள். முகூர்த்த நாள்களில் மண்டபங்களில் பந்தி பரிமாறிவிட்டு நள்ளிரவில் வீடு திரும்புகிறவர்களும் உண்டு. மற்றவர்களுக்கு மாலை முழுவதும் படிக்க நேரம் இருக்கிறது. ஆகவே கல்லூரியிலேயே நாங்கள் போடும் 25 மதிப்பெண் அகமதிப்பீட்டில், வேலைக்குப் போகிறவர்களுக்கு மட்டும் மூன்று மதிப்பெண் கூட்டிப் பட்டியல் தயாரித்தேன். அதை எப்படியோ அறிந்த ஒரு மாணவி, "அப்போ நான் படிச்சது தப்பா, மேடம்?" என்று கேட்டுவிட்டார். அடுத்த வாரம் பட்டியலை அனுப்பியாக வேண்டும். நான் செய்தது நியாயமா?

பதில்: உங்கள் மாணவர்களிடம் குறைவாக இருப்பது நேரம், நீங்கள் கொடுத்திருப்பதோ மதிப்பெண். நான் உங்களோடு வேறுபடுவது இந்த ஓர் இடத்தில்தான். கற்றல் குறைபாடோ பார்வைக் குறைபாடோ உள்ள மாணவர்களுக்கு நம் பொதுத்தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தரப்படுகிறது. தேவைப்பட்டால் சொல்வதை எழுதுபவரும் அமர்த்தப்படுகிறார். விடைக்கான மதிப்பெண்ணை அதற்காக யாரும் கூட்டிப் போடுவதில்லை. 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தபோதும், அந்தச் சட்டம் எவருடைய நீட் மதிப்பெண்ணையும் உயர்த்தவில்லை. அவர்களுக்கென்று இடங்களை ஒதுக்கித் தனித் தரவரிசைக்கு வழி செய்தது.

மதிப்பெண்ணைக் கூட்டுவதால் அந்த மாணவர்களுக்கே நட்டமும் உண்டு. பல பல்கலைக்கழகங்களில் இளநிலை மாணவர் பருவத் தேர்வில் 75க்கு 30 தனியாக எடுத்தால்தான் தேர்ச்சி. அகமதிப்பீட்டில் 23 வைத்திருப்பவர் அங்கே 26 எடுத்தால், மொத்தம் 49 வந்தும் அரியர்தான். அந்தத் தாளைத் திருத்துகிறவருக்குத் தெரிவது, எழுதியவர் யார் என்பதை மறைக்க இட்ட ஒரு டம்மி எண் மட்டுமே. எழுதியவர் முந்தின இரவு எத்தனை பந்திக்குப் பரிமாறினார் என்பது அவருக்குத் தெரியப்போவதில்லை. நீங்கள் கூட்டிய மூன்று மதிப்பெண், தாம் எங்கே நிற்கிறோம் என்பதை அந்த மாணவருக்குத் தெரியாமல் செய்துவிடுகிறது.

ஆனாலும் உங்களை உறுத்திய விஷயம் பொய்யல்ல. அகமதிப்பீடு என்ற பெயரில் நாம் அளப்பதெல்லாம் பாட அறிவுதானா என்று பாருங்கள். இருபது பக்க அசைன்மென்ட்டைப் புத்தகத்திலிருந்து பெயர்த்து எழுதி, ஓரங்களில் வண்ணக் கோடு போட்டு, அட்டை ஒட்டிக் கொடுப்பவருக்கு ஐந்துக்கு ஐந்து. பாடம் புரிந்திருந்தும் நான்கு பக்கத்தோடு இரண்டு நாள் தாமதமாக வருபவருக்கு இரண்டு. (இந்த ஓரக்கோட்டு மோகத்துக்கு நம் கல்லூரிகளில் இன்னும் முடிவு வந்தபாடில்லை.) இங்கே மதிப்பெண் பெறுவது பொருளியல் அறிவு அல்ல, ஓய்வான மாலைப்பொழுது. உங்கள் கையில் இருக்கும் அதிகாரத்தை இங்கேதான் பயன்படுத்த வேண்டும். அசைன்மென்ட்டை வீட்டுக்கு அனுப்பாமல், புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வகுப்பிலேயே ஒரு மணி நேரத்தில் எழுதச் சொல்லுங்கள். ஒப்படைக்கும் நாள்களைப் பருவத்தின் முதல் வாரத்திலேயே அறிவித்துவிட்டால், கம்பெனியில் ஷிப்ட் மாற்றிக்கொள்ளவும் முகூர்த்த நாள்களைத் தவிர்த்துக்கொள்ளவும் அவர்களால் முடியும். மூன்று தேர்வு வைத்துச் சிறந்த இரண்டை எடுத்துக்கொள்ள விதி இடம் தருமானால், ஓர் இரவு வேலை ஒரு பருவத்தையே கெடுக்காது. வருகைப்பதிவுக்கென்று உள்ள மதிப்பெண் மட்டும் உங்கள் கையில் இல்லை. அதைப் பாடத்திட்டக் குழுவிடம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

இந்த ஏற்பாடுகள் அனைத்தும் வகுப்பில் உள்ள எல்லாருக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம், உங்களிடம் கேள்வி கேட்ட அந்த மாணவிதான். அவருக்கு மாலை முழுவதும் நேரம் இருக்கிறது என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? பனியன் கம்பெனி வேலைக்குச் சம்பளம் உண்டு, ஆகவே அது கண்ணுக்குத் தெரிகிறது. தண்ணீர் பிடித்து, இரவுச் சமையல் முடித்து, தம்பியைப் படிக்க வைத்து, படுக்கையில் இருக்கும் பாட்டியைக் கவனித்துவிட்டுப் பத்து மணிக்குமேல் புத்தகத்தைத் திறக்கும் பெண்ணின் உழைப்பு எந்தப் பட்டியலிலும் வராது. யாருக்கு எவ்வளவு நேரம் என்று ஆசிரியர் ஊகித்து மதிப்பெண் போடத் தொடங்கினால், தம் கஷ்டத்தைச் சொல்லத் தெரிந்தவருக்குக் கிடைக்கும், சொல்லக் கூச்சப்படுபவருக்குக் கிடைக்காது. தவிரவும், ஆண்டுதோறும் பணி நீட்டிப்பை எதிர்பார்த்திருக்கும் கௌரவ விரிவுரையாளராகிய உங்களிடம் அந்த மூன்று மதிப்பெண்ணுக்கு எழுத்தில் விளக்கம் கேட்டால், காட்டுவதற்கு ஒரு விதியும் இல்லை.

அடுத்த வாரம் அனுப்ப வேண்டிய பட்டியலில் கூட்டியதை நீக்கிவிடுங்கள். அதற்குமுன், துறைத் தலைவரிடம் எழுத்தில் ஒப்புதல் பெற்று, வகுப்பு நேரத்திலேயே ஒரு மறுதேர்வு வையுங்கள். விரும்புகிற எவரும் எழுதலாம், இரண்டில் எது கூடுதலோ அதுவே கணக்கு என்று எல்லார் முன்னிலையிலும் அறிவியுங்கள். அந்த மாணவியைத் தனியே அழைத்து, பட்டியலைத் திருத்திவிட்டதாகச் சொல்லுங்கள். அவருக்கும் மறுதேர்வு எழுத விருப்பமா என்று கேளுங்கள்.