மெஷின்ல ஜீரோ, ரோட்டுல உதறல்: அலாய் வீல் போட்ட ஸ்விஃப்டுக்கு என்ன ஆச்சு?

திண்டுக்கல்ல இருந்து ஒரு வாசகர் கேட்ருக்காரு. 2016 ஸ்விஃப்ட் விடிஐ வச்சிருக்காரு, கம்பெனில வந்த 14 இன்ச் இரும்பு டிஸ்க்க கழட்டிட்டு செகண்ட்ஹேண்ட்ல 15 இன்ச் அலாய் வாங்கி புது டயரோட போட்ருக்காரு. 80-ஐ தாண்டுனா ஸ்டியரிங் உதறுது. மூணு தடவ பேலன்சிங் பண்ணியும் மெஷின்ல ஜீரோதான், அதாவது எட சமமா இருக்குன்னுதான் காட்டுது, ஆனா உதறல் நிக்கல. இப்ப டயர் கடைல கேம்பர் (வீல் உள்ளயோ வெளியவோ சாஞ்சிருக்குற கோணம்) அவுட்டு, ரெண்டு ரிம் பெண்டு, மாத்தியே ஆகணும்னு சொல்றாங்களாம். ஹப்பு, போரு, ஆஃப்செட்டுன்னு அவங்க பேசுறது ஒண்ணும் புரியல, வீல்ல அப்படி என்னதான் பார்ட் இருக்கு, எத நம்பி காசு குடுக்குறதுன்னு கேக்குறாரு.

இப்போதைக்கு எதுக்கும் காசு குடுக்காதீங்க சார். மொதல்ல வீல கழட்டி பின்பக்கமா திருப்பிப் போட்டு பாருங்க. டயர கவ்வி பிடிச்சிருக்குற வெளி வளையம்தான் ரிம். அதையும் நடுவுலயும் சேக்குறது ஸ்போக். நடுவுல தட்டையா ஒரு முகம் இருக்கும், அதுதான் கார்ல இருக்குற ஹப்பு, அதாவது வீல மாட்டுற சுத்துற பாகத்து மேல ஒட்டி உக்காரும். அந்த முகம் வீலோட நட்டநடு அகலத்துல இருந்து எத்தன மில்லி தள்ளி இருக்குன்றதுதான் ஆஃப்செட், ரிம்லயே ஈடி 45 அப்படின்னு பொறிச்சிருப்பாங்க. நாலு நட்டு ஓட்டையும் சேந்து ஒரு வட்டம் வருதுல்ல, அந்த வட்டத்தோட விட்டம் பிசிடி, உங்க வண்டிக்கு 100 மில்லி. இது எல்லாத்துக்கும் நடுவுல இருக்குற பெரிய ஓட்டைதான் சென்டர் போர். உங்க பிரச்சன அங்கதான் இருக்குன்னு நான் நெனைக்கிறேன்.

கார் பக்கம் ஹப்போட நடுவுல சின்னதா ஒரு கழுத்து நீட்டிக்கிட்டு இருக்கும். ஸ்விஃப்டுக்கு அது 54.1 மில்லி. கம்பெனி டிஸ்க்ல ஓட்டையும் அதே அளவு, அதனால மாட்டுனதும் கச்சிதமா சென்டர்ல உக்காந்துரும். வெளி மார்க்கெட் அலாய்ல ஒரே ரிம் பத்து கார்க்கு விக்கணும்னு 67.1, 73.1னு பெருசா போட்ருப்பாங்க. அந்த இடைவெளிய அடைக்க ஹப் ரிங்குன்னு ஒரு வளையம் உண்டு. செகண்ட்ஹேண்ட்ல வாங்கும்போது காணாம போறது இதுதான், பழைய ஓனரோட ஹப்புலயே ஒட்டிக்கிட்டு நின்னுரும், யாரும் கவனிக்க மாட்டாங்க. ரிங் இல்லன்னா வீல் அந்த கழுத்து மேல உக்காராம நாலு நட்டுல தொங்குது. கிரைண்டர் கல்லு நடு தப்பி உக்காந்தா ஆடுற மாதிரி அது சுத்தும்போது ஆடும்.

அப்ப மெஷின் ஏன் ஜீரோ காட்டுது? பேலன்சிங் மெஷின்ல வீல பிடிக்கிறது சென்டர் போருக்குள்ள போற கூம்பு வச்சு. மெஷின்ல வீல் சரியா சென்டர்லதான் நிக்கும், வண்டில மாட்டுனா அர மில்லி, ஒரு மில்லி நகந்துரும். மெஷினும் பொய் சொல்லல, உங்க ஸ்டியரிங்கும் பொய் சொல்லல, நீங்க எத்தன தடவ காசு குடுத்து பேலன்சிங் பண்ணாலும் இதுதான் நடக்கும்.

ரிங் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு வேல பண்ணுங்க. வண்டிய ஜாக்கி போட்டு தூக்கி வீல கழட்டுங்க, ஹப்பு முகத்துல துரு இருந்தா கம்பி பிரஷ்ல சுத்தமா தேய்ங்க, வீல மாட்டி கையாலயே நாலு நட்டையும் எதிரெதிரா கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க, அப்புறம் இறக்கி வச்சு டார்க் ரெஞ்சுல (எவ்வளவு இறுக்கம்னு அளந்து முடுக்குற ஸ்பேனர்) மேனுவல்ல போட்ருக்குற அளவுக்கு முடுக்குங்க. கடைல பசங்க நட்டு முடுக்குற ஏர் கன்ன வச்சு ஒரு நட்ட ஃபுல்லா அடிச்சிட்டு அடுத்ததுக்கு போவாங்க பாருங்க, அங்கயே வீல் ஒரு பக்கமா சாஞ்சிரும். இதுலயே பாதிக்கு மேல சரியாகலாம். இருந்தாலும் ரிங் போட்ருங்க, சில நூறு ரூபா விஷயம். வெர்னியர்ல வீல் ஓட்டைய அளந்து அதே அளவுல, உள்பக்கம் 54.1 வர்ற மாதிரி கேளுங்க. லேத் பட்டறைல அலுமினியத்துல கடைஞ்சும் தருவாங்க, ஆனா வளையம் தடிமனா போயி வீலோட முகத்துக்கு வெளிய நீட்டிக்கிட்டு நின்னா ஹப்போட ஒட்டாது, அது முன்ன விட ஆபத்து.

அப்புறம் நட்டு. அந்த அலாயோட சேத்து நட்டும் குடுத்தாங்களா? மாருதில நட்டு ஏறுற போல்ட்டு, அதாவது ஸ்டட்டு 12 மில்லி, 1.25 பிட்ச் (ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள தூரம், மில்லில). ஹோண்டா, டொயோட்டா நட்டு 1.5 பிட்ச். அத உங்க ஸ்டட்டுல போட்டா ரெண்டு சுத்து ஏறும், அப்புறம் இறுகும், கன்ன வச்சு அடிச்சா மரைய தின்னுட்டு உள்ள போயிரும், பாக்க சரியா இருக்குற மாதிரியே இருக்கும்.

இங்க ஹோண்டாக்காரங்களுக்கு மட்டும் ஒரு விஷயம் தனியா சொல்லணும், ஏன்னா நிறைய பேர் மாட்டிக்கிறாங்க. ஹோண்டால கம்பெனி நட்டோட அடிப்பாகம் உருண்டையா இருக்கும், வெளி மார்க்கெட் அலாய்ல ஓட்ட கூம்பா இருக்கும். உருண்ட நட்டு கூம்பு ஓட்டைல ஒரு மெல்லிசு வளையமாதான் தொடும், முழுசா பிடிக்காது, ஓட ஓட லூசாகும். அதனால ஹோண்டால வெளி அலாய் போட்டா கூம்பு நட்டு புதுசா வாங்கியே ஆகணும், திரும்ப கம்பெனி வீல் போடும்போது மறக்காம பழைய உருண்ட நட்டு, ஸ்டெப்னி மாட்டும்போதும் அது கம்பெனி டிஸ்க்கா இருந்தா அதே உருண்ட நட்டு. அந்த நாலு நட்டையும் டிக்கிலயே போட்டு வைங்க.

ரிம் பெண்டுன்னு சொல்றாங்கள்ல, மெஷின்ல மாட்டி மெதுவா சுத்த சொல்லுங்க, ரிம் ஓரத்துக்கு பக்கத்துல ஒரு ஸ்க்ரூடிரைவர் நுனிய ஆடாம பிடிக்க சொல்லுங்க. இடைவெளி கூடி கொறைஞ்சா பெண்டு, இல்லன்னா இல்ல. உங்க கண்ணு முன்னாடி காட்டாம ரிம் மாத்த சொல்றவன நம்பாதீங்க. கேம்பர் கதை அதவிட மோசம். ஸ்விஃப்ட்ல கம்பெனி கேம்பர் அட்ஜஸ்ட்மெண்டே வைக்கல, பின்னாடி பீம் ஆக்சில் (ரெண்டு வீலையும் சேக்குற ஒரே தண்டு), அங்கயும் கெடையாது. இவங்க ஹைட்ராலிக் ஜாக்கிய வச்சு ஸ்ட்ரட்ட (முன் வீல தாங்குற ஷாக் அப்சார்பர்) வளைச்சிட்டு கேம்பர் சரி பண்ணிட்டோம்னு ஒரு வீலுக்கு இவ்வளவுன்னு வாங்குறாங்க. கேம்பர் அவுட்டா இருந்தா டயர் ஒரு ஓரமா தேயும், வண்டி இழுக்கும், 80-ல ஸ்டியரிங் உதறாது.

கேட்க ஆளே இல்ல சார். ரிம்முக்கு ஐஎஸ்ஐ கட்டாயம்னு 2020-லயே மத்திய அரசு உத்தரவு போட்டாச்சு, இன்னைக்கும் முத்திரையே இல்லாத டூப்ளிகேட் டிசைன் கண்ணாடி ஷோரூம்லயே தொங்குது. பில்லுல போரு எவ்வளவு, தாங்குற லோடு எவ்வளவுன்னு ஒரு வரி எழுத மாட்டாங்க, 15 இன்ச் அலாய் 4 நம்பர்னு முடிச்சிருவாங்க. சொந்த காருக்கு 15 வருசம் கழிச்சுதான் ஆர்டிஓல இன்ஸ்பெக்‌ஷன், அங்கயும் வீல கழட்டி யாரு பாக்கப்போறா? செகண்ட்ஹேண்ட்ல புரோக்கர் ஷோரூம் கழட்டுன ஐட்டம்னு சொல்லி குடுக்குறதுல ஒடைஞ்சத வெல்டு வச்சு பவுடர் கோட்டிங் அடிச்சதும் வருது. உங்க நாலு ரிம்மையும் பின்பக்கம், ஸ்போக்கு ஆரம்பிக்கிற எடத்துல நல்ல வெளிச்சத்துல விரல வச்சு தடவிப் பாருங்க. மேடா, சொரசொரப்பா ஒரு கோடு தட்டுப்பட்டா வெல்டா இருக்கலாம், அந்த வீல திரும்ப போடாதீங்க, ரிங்கெல்லாம் அதுக்கு பிரயோஜனமே இல்ல.

எல்லாம் சரியா இருந்தா ரிங் போட்டு மாட்டுங்க, ஒரு 50, 100 கிலோமீட்டர் ஓட்டிட்டு நட்ட திரும்ப டார்க் ரெஞ்சுல செக் பண்ணுங்க. அதுக்கப்புறமும் உதறுனா பழைய 14 இன்ச் டிஸ்க்க முன்னாடி ரெண்டு, பின்னாடி ரெண்டுன்னு நாலுலயும் மாட்டி அதே ரோட்டுல ஓட்டிப் பாருங்க, வித்துருக்க மாட்டீங்கன்னு நெனைக்கிறேன். நின்னுச்சுன்னா தப்பு அலாய்லயோ அந்த புது டயர்லயோதான், வித்தவன்கிட்டயே கொண்டு போங்க. நிக்கலன்னா டயர் கடைய விட்டுட்டு மெக்கானிக்கிட்ட போயி வீல் பேரிங்கும் பால் ஜாயிண்டும் பாக்க சொல்லுங்க.