மாசி வீதியில் ஒரு கேமரா: கேள்வி பதில்

சொந்த ஊரில், தெரிந்த தெருக்களில், சும்மா கேமராவோடு நடப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். எனக்குத் தெரிந்த ஊர் மதுரை, அதிலும் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிய வீதிகள். மற்ற ஊர்க்காரர்கள் உங்கள் தெருவுக்கு ஏற்ப திசையை மாற்றிக்கொள்ளுங்கள். "எந்த கேமரா வாங்கலாம்" என்று வந்த கேள்விகளை ஒதுக்கிவிட்டேன். அதைச் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

செல்லூரிலிருந்து ஒரு தம்பி: அக்கா, பிறந்ததிலிருந்து பார்க்கிற தெரு. இதில் எடுக்க என்ன இருக்கு? கேமராவைத் தூக்கினாலே போரடிக்குது.

போரடிப்பது தெரு இல்லை தம்பி, நீங்கள் போகிற நேரம். தினமும் அதே நேரத்தில் அதே பக்கமாகப் போய்ப் பார்த்தால் அதேதான் தெரியும். ஒரு முக்கைப் பிடியுங்கள். விளக்குத்தூண் பக்கம் என்று வைத்துக்கொள்வோம். விடியும்போது கடை வாசலில் தண்ணீர் தெளிப்பவர், அப்புறம் பருத்திப்பால் வண்டி, பிறகு மூட்டை இறக்கும் லோடுமேன்கள், அவர்கள் போனதும் ஜவுளி வாங்க வரும் குடும்பங்கள் என்று ஒரே இடத்தில் நாலு ஊர் வந்து போகும். எது எத்தனை மணிக்கு வரும் என்பது வெளியூரிலிருந்து பெரிய லென்ஸோடு வருகிறவருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். உங்கள் கையில் இருக்கும் சாதகமே அதுதான்.

நியூயார்க்கில் சால் லைட்டர் என்று ஒரு படக்காரர் இருந்தார். 1952-இல் கிழக்கு 10-ஆம் தெருவில் குடியேறியவர், 2013-இல் சாகும்வரை அங்கேயே இருந்தார். அவருடைய புகழ்பெற்ற வண்ணப் படங்களில் பெரும்பகுதி வீட்டைச் சுற்றி நடந்துபோகும் தூரத்தில் எடுத்தவை. ஆவி படிந்த கண்ணாடி, குடை, பனியில் நடந்துபோகும் ஒருவர். எல்லாமே அங்கே குடியிருந்த எல்லாரும் தினமும் பார்த்தவைதான்.

அவனியாபுரம் வாசகர்: எல்லாரும் "கோல்டன் அவர்" என்கிறார்கள். நான் போய் நிற்பதற்குள் வெயில் வெளுத்துவிடுகிறது. ஏன்?

சூரியன் தாழ்வாக இருக்கும்போது வரும் பொன்வெயில் நேரத்தைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். வீடியோவில் அதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ இருக்கிறார்கள். அங்கே சூரியன் சாய்வாக ஏறும், அதனால் பொன்வெயில் நீண்டு நிற்கும். மதுரை ஏறக்குறைய 10 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. இங்கே சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக, மணிக்கு 15 டிகிரி அளவில் ஏறிவிடும். உங்களுக்குக் கிடைப்பது அரை மணி, மிஞ்சினால் முக்கால் மணி. ஜூன் தொடக்கத்தில் 6 மணிக்குச் சற்று முன்பே விடியும். ஜனவரி கடைசியில் 6.35-ஐத் தாண்டும். அதைப் பார்த்துக் கிளம்புங்கள்.

இன்னொரு சிக்கல் உண்டு. நம் வீதிகளில் இரண்டு பக்கமும் மூன்று மாடி. தரையில் வெயில் விழும் நேரத்துக்குள் பொன்நிறம் போயிருக்கும். அதனால் நான் தரை வெயிலுக்காகக் காத்திருப்பதில்லை. ஒன்பது பத்து மணிக்கு ஒரு பக்கச் சுவரில் வெயில் அறையும்போது எதிர்ப்பக்கத் திண்ணையில் ஒரு மெத்தென்ற வெளிச்சம் விழும். சுண்ணாம்பு மஞ்சள் அடித்த சுவராக இருந்தால் கேட்கவே வேண்டாம். முகம் எடுக்க அதைவிட நல்ல விளக்கு எந்த ஸ்டுடியோவிலும் இல்லை.

எந்த வீதிக்கு எப்போது என்று கேட்டால், வடக்கு மாசியும் தெற்கு மாசியும் கிழக்கு மேற்காக ஓடுகின்றன. மார்ச்சிலும் செப்டம்பரிலும் சூரியன் நேர் கிழக்கில் எழுவதால் அந்த வீதிகளில் வெயில் நீளவாக்கில் ஓடும். எதிரே வருகிறவர்கள் எல்லாம் ஓரங்களில் ஒளி பூசிக்கொண்டு வருவார்கள். கீழமாசியும் மேலமாசியும் தெற்கு வடக்கு. காலையில் கிழக்குப் பார்த்த கடைகள், மாலையில் மேற்குப் பார்த்த கடைகள்.

திருமங்கலம் வாசகி: கோபுரங்களை எந்த நேரத்தில் எடுத்தால் நன்றாக இருக்கும்?

கீழைக் கோபுரம் காலையில், மேலைக் கோபுரம் மாலையில். இது எல்லாருக்கும் தெரியும். தெற்கும் வடக்கும்தான் சுவாரசியம், ஏனென்றால் அவற்றுக்கு நேரம் மட்டும் போதாது, மாதமும் வேண்டும்.

ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் உச்சிப்பொழுதில் சூரியன் மதுரைக்கு நேர் மேலே வந்துவிடும். அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் அது நமக்கு வடக்கே இருக்கும். ஆகவே ஜூனில் தெற்குக் கோபுரத்தின் முகம் நிழலில் கிடக்கும். அப்போது வடக்குப் பக்கம் போங்கள். அங்கிருக்கும் மொட்டைக் கோபுரம் காலையிலும் மாலையிலும் பக்கவாட்டு வெயிலில் நிற்கும். டிசம்பரில் எல்லாம் தலைகீழ். தெற்குக் கோபுரம் நாள் முழுக்க வெயில் வாங்கும். நான்கில் அதுதான் உயரம் என்பதால் பக்கத்தில் நின்று அண்ணாந்து எடுத்தால் பின்னால் சாய்கிற மாதிரி தெரியும். தள்ளிப் போய், கேமராவை நேராகப் பிடித்து எடுங்கள். கீழே தரை அதிகம் வந்தால் வெட்டிக்கொள்ளலாம்.

உச்சி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு ஓடுகிறது. மதுரை அதற்கு மேற்கே 78-இல் இருக்கிறது. அதனால் இங்கே உச்சி பெரும்பாலும் பன்னிரண்டே காலை ஒட்டித்தான் வரும். நிழல் காலடியில் சுருண்டு கிடக்கும் படம் வேண்டுமென்றால் அந்த நேரம்.

கல்லூரி மாணவர், தேனி: போன் மட்டும்தான் இருக்கு. போதுமா?

போதும். முக்கியக் கேமராவையே பயன்படுத்துங்கள், விரலால் இழுத்துப் பெரிதாக்காதீர்கள், நடந்து கிட்டே போங்கள். வெயிலும் நிழலும் கலந்த இடத்தில் வெளிச்சமான பகுதியைத் தொட்டுப் பிடித்து, பிரகாசத்தைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள். நிழல் கறுத்துப் போனால் போகட்டும். வெளுத்துப்போன வேட்டியைத்தான் எந்தச் செயலியாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. பாக்கெட்டிலிருந்து எடுத்த போனின் லென்ஸைத் துடையுங்கள். பாதிப் பேர் "மங்கலா வருது" என்பது விரல் ரேகைதான்.

மேலூர் வாசகர்: மனிதர்களை எடுக்கும்போது கேட்டு எடுப்பதா, கேட்காமல் எடுப்பதா? கேட்டால் விறைப்பாகிவிடுகிறார்களே!

இதற்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

கூட்டம், வீதி, தூரத்தில் நடந்து போகும் உருவங்கள் இவற்றுக்கு யாரும் கேட்பதில்லை. ஒரு முகம் படத்தின் மையம் என்றால் நான் கேட்டுவிடுவேன். வாயால் கேட்க வேண்டும் என்பதில்லை. கேமராவைக் காட்டி, கண்ணைப் பார்த்து, தலையை ஆட்டினால் புரியும். வேண்டாம் என்று கை காட்டினால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிட வேண்டும். "ஒண்ணே ஒண்ணு" என்று கெஞ்சுவது அசிங்கம்.

விறைப்பாவது உண்மைதான். முதல் படம் அவர்களுக்காக. நேராக நின்று, சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு, பாஸ்போர்ட் முகத்தோடு நிற்பார்கள். அதை மரியாதையாக எடுங்கள். காட்டுங்கள். அப்புறம் வெங்காயம் இன்று என்ன விலை என்று கேளுங்கள். கீழமாரட் வீதியில் இந்த ஒரு கேள்விக்குப் பத்து நிமிடம் பதில் கிடைக்கும். அவர் கை வேலைக்குத் திரும்பியதும் இரண்டாவது படம் கிடைக்கும்.

நாலுக்கு ஆறு அளவில் ஒரு பிரதி போட்டு அடுத்த முறை கொண்டுபோய்க் கொடுங்கள். எல்லாரும் போனில் படம் எடுக்கும் காலத்தில் காகிதத்தில் தன் முகம் கிடைப்பது அபூர்வமாகிவிட்டது. கல்லாப்பெட்டிக்கு மேலே, சாமி படத்துக்குப் பக்கத்தில் அதைச் செருகி வைப்பார்கள். அதற்குப் பிறகு அந்த வீதியில் உங்களை யாரும் "எதுக்கு எடுக்குறீங்க" என்று கேட்கமாட்டார்கள். "நேத்து ஏன் வரலை" என்று கேட்பார்கள்.

குழந்தைகளைப் பெற்றவர் சம்மதம் இல்லாமல் எடுக்கவே கூடாது. நடைபாதையில் தூங்குகிறவர், பிச்சை எடுப்பவர், போதையில் கிடப்பவர், இவர்களைக் "கலை" என்று எடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அவர்களால் வேண்டாம் என்று சொல்ல முடியாத நிலையில் எடுப்பது படமே இல்லை. குளிக்கும் இடம், உடை மாற்றும் இடம் பக்கம் கேமராவைத் திருப்பவே வேண்டாம். தனிமையில் இருக்கும் பெண்ணை அப்படி எடுப்பது சட்டப்படியும் குற்றம். 2024 ஜூலையில் நடப்புக்கு வந்த தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 77-ஆம் பிரிவு அதற்குத்தான்.

பெயர் வேண்டாம் என்ற வாசகி: தனியாகக் கேமராவோடு போனால் எல்லாரும் முறைக்கிறார்கள், பின்னாலேயே வருகிறார்கள். நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

முதலில் உங்கள் தெருவிலேயே ஆரம்பியுங்கள் அம்மா, நீங்கள் யார் வீட்டுப் பெண் என்று தெரிந்த இடத்தில். காலை ஆறிலிருந்து ஒன்பது நல்ல நேரம். பால், பூ, காய் வாங்க வரும் பெண்கள் வீதியில் நிறைந்திருப்பார்கள். பூ கட்டும் அக்காக்களோடு உட்கார்ந்து பேசிவிட்டால் அவர்களே உங்களுக்குக் காவல். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு மட்டும் முதல் தடவை துணையோடு போங்கள். ஆபத்து என்பதற்காகச் சொல்லவில்லை. மல்லிகை ஏலம் சூடு பிடிக்கும் நேரத்தில் அங்கே நிற்கவே இடம் இருக்காது, யாராவது உங்கள் பையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

பின்னால் ஒருவர் வருகிறார் என்று தோன்றினால் தெரிந்த கடைக்குள் ஏறிவிடுங்கள். படம் நாளைக்கும் எடுக்கலாம்.

போலீஸ் கேட்டால் என்ன சொல்வது?

உண்மையைச் சொல்லுங்கள், படத்தைக் காட்டுங்கள். பொதுத்தெருவில் நின்று படம் எடுப்பதை ஒட்டுமொத்தமாகத் தடுக்கும் சட்டம் நம் நாட்டில் இல்லை. ஆனால் சட்டம் பேசி ஜெயிக்கப் போகிற இடம் தெரு இல்லை. ரயில் நிலையத்துக்குள் என்றால் முதலில் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். சிறை, நீதிமன்ற வளாகம், விமான நிலையம் பக்கம் கேமராவை உறையிலேயே வையுங்கள்.

மீனாட்சியம்மன் கோயிலுக்குள்?

இல்லை. 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்தது நினைவிருக்கும். அதற்கடுத்த மாதமே உள்ளே செல்போன் தடை வந்தது. 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுக் கோயில்கள் எல்லாவற்றுக்கும் அப்படி ஒரு தடையைக் கொண்டுவரச் சொன்னது. உள்ளே சாமி கும்பிடுங்கள். வெளியே கோயிலை ஒட்டிய சித்திரை வீதியில் வண்டி தொந்தரவு இல்லாமல் நாள் முழுக்க எடுக்கலாம்.

சிம்மக்கல் வாசகர்: ராத்திரிக் கடைகளை எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுகிறது. கேமரா கெட்டுவிட்டதா?

கெடவில்லை, அது எல்இடி விளக்கின் வேலை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான விளக்குகள் நொடிக்கு 100 தடவை துடிக்கும். ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/100 அல்லது 1/50 நொடியில் வையுங்கள், கோடு போய்விடும். 1/100-இல் இட்லி ஊற்றுகிற கை லேசாகக் கலங்கும். கலங்கட்டும், நன்றாகவே இருக்கும். வெளிச்சம் குறைந்த இடத்தில் படத்தைப் பிரகாசமாக்கும் ஐஎஸ்ஓவை 3200 வரை தயங்காமல் ஏற்றுங்கள்.

அழகர் ஆற்றில் இறங்குவதை எடுக்க ஆசை. கேமரா நனையுமே?

நனையும். பக்தர்கள் தோல் பையில் தண்ணீர் நிரப்பிப் பீய்ச்சுவது நேர்த்திக்கடன், உங்கள் கேமராவுக்காக நிறுத்தமாட்டார்கள். பாலித்தீன் பையில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு ரப்பர் பேண்ட் மாட்டுங்கள். கூட்டத்துக்குள் லென்ஸ் மாற்ற நினைக்காதீர்கள். என்னைக் கேட்டால் ஆற்றுக்குள் போகாமல், முதல் நாள் இரவே அழகரை எதிர்கொள்ளக் காத்திருக்கும் மக்களை எடுங்கள். தலையில் முடி இறக்கிய குழந்தைகள், சர்க்கரை நிரப்பிய சொம்பில் சூடம் ஏற்றிக் காத்திருக்கும் பெண்கள். ஆற்றுக்குள் எடுக்கிற படம் எல்லார் போனிலும் இருக்கும்.

வரலாற்று ஆசிரியர், மதுரை: பழைய படங்களோடு ஒப்பிட்டு அதே இடத்தில் எடுக்க விரும்புகிறேன். எங்கே தொடங்குவது?

லின்னேயஸ் டிரைப்பில் தொடங்குங்கள் ஐயா. சென்னை மாகாண அரசின் படக்காரராக இருந்த ராணுவ அதிகாரி. 1858-இல் மதுரையில் புதுமண்டபம், திருமலை நாயக்கர் மகால், தெப்பக்குளம் எல்லாம் எடுத்திருக்கிறார். மெழுகு பூசிய காகித நெகட்டிவ், நீண்ட எக்ஸ்போஷர், அதாவது ஒளி பதிய நெடுநேரம் பிடிக்கும். அதனால் ஆள் நடமாட்டம் பதியவே இல்லை. ஊர் காலியாக இருந்ததைப் போலத் தெரியும். பிரிட்டிஷ் நூலகத்திலும் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் அவை இருக்கின்றன, இணையத்திலேயே பார்க்கலாம்.

மகாலில் ஒப்பிடுவதுதான் நல்ல வேலை. அவர் எடுத்தபோது அது இடிந்து கிடந்தது, பழுதுபார்ப்பு அதற்குப் பிறகுதான் நடந்தது. நிழல் விழும் கோணத்தைப் பார்த்து நேரத்தைக் கணியுங்கள். அதே நேரத்தில், அதே பக்கத்திலிருந்து எடுத்தால்தான் ஒப்பீடு நிற்கும். புதுமண்டபத்தில் தையல்காரர்களும் பாத்திரக் கடைகளும் இருந்த காலத்துப் படம் உங்கள் மாணவர்கள் வீட்டு ஆல்பங்களில் நிச்சயம் இருக்கும். அவற்றையும் கேட்டு வாங்கி ஸ்கேன் செய்யுங்கள். டிரைப் படம் எங்கும் போய்விடாது, அந்த ஆல்பங்கள்தான் கரையான் வாய்க்குப் போகின்றன.

கறுப்பு வெள்ளையில் மாற்றினால் எல்லாமே கலைப்படம் மாதிரி தெரிகிறதே, அக்கா?

தெரியும், ஒரு வாரத்துக்கு. சுங்குடிச் சேலையையும் குங்குமக் கடையையும் கறுப்பு வெள்ளையில் எடுக்கிறவர் மேல் எனக்குக் கோபமே வரும்.

கோவை சரவணம்பட்டி வாசகர்: உங்களுக்குக் கோபுரம் இருக்கு. எங்க ஏரியாவில் அடுக்குமாடியும் ஐடி கம்பெனியும்தான்.

அதையே எடுங்கள். ஷிப்ட் முடிந்து வேன் ஏறும் முகங்கள், கட்டடத் தொழிலாளர்கள் சமைக்கிற அடுப்பு, காலி மனையில் மேயும் மாடு, அதற்குப் பின்னால் கண்ணாடிக் கட்டடம். உங்கள் பகுதி மாறுகிற வேகத்துக்கு மாசி வீதி கிட்டவே வராது. ஒரே இடத்தில் நின்று மாதம் ஒன்று எடுத்து, கோப்புக்குத் தெருப்பெயரும் தேதியும் போட்டு வையுங்கள். "ஐஎம்ஜி 4471" என்று விட்டுவிட்டால் அடுத்த வருடம் எங்கே எடுத்தது என்று உங்களுக்கே தெரியாது.

மழைக்காலத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை வந்துவிட்டது. தடுக்க வழி?

வந்ததை மெக்கானிக்கிடம் கொடுங்கள், நீங்களே பிரிக்காதீர்கள். இனி வராமல் இருக்க, இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், கூடவே ஒரு சின்ன ஈரமானி. ஈரப்பதம் 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் நின்றால் நல்லது. ஜெல் நிறம் மாறினால் புதுசு போடுங்கள். தோல் உறையிலும், பீரோவில் துணிகளுக்கு நடுவிலும் வைக்காதீர்கள், இரண்டும் ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஏசி அறையிலிருந்து எடுத்துப் போகிறீர்கள் என்றால் பையைத் திறக்காமல் வாசலில் கால் மணி நேரம் வைத்துவிட்டு எடுங்கள், ஆவி படியாது. அதைவிட முக்கியம், வாரம் ஒருமுறையாவது வெளியே எடுத்துப் போங்கள். உள்ளேயே பூட்டிக் கிடக்கும் லென்ஸில்தான் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும்.