5, 8, 12, அப்புறம் வசந்தம்: கேள்வி பதில்

சிங்கப்பூர்த் தமிழ்த் தொலைக்காட்சியைப் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்று வாய்விட்டுவிட்டேன். கேள்விகள் குவிந்துவிட்டன. முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன்: நான் எந்த ஒளிவழியின் (சேனலின்) ஊழியனும் இல்லை. தமிழ் நாடகங்களுக்கு ஆங்கிலத் துணைவசனம் (சப்டைட்டில்) எழுதிப் பிழைத்தவன். பழைய கதை சேர்ப்பது என் கிறுக்கு.

தோ பாயோவிலிருந்து ஒரு அக்கா: தமிழ் எப்போது டிவியில் வந்தது? வசந்தம் தொடங்கியபோதா?

இல்லைக்கா. வசந்தம் என்ற நம் தமிழ் ஒளிவழி பிறந்தது 2008இல், தமிழ் அதற்கு 45 வருஷம் முன்னாலேயே டிவியில் வந்துவிட்டது. 1963 பிப்ரவரி 15, மாலை 6 மணி. அன்றைய கலாசார அமைச்சர் எஸ். ராஜரத்தினம் விக்டோரியா நினைவு மண்டபத்தில் ‘டெலிவிஷன் சிங்கப்பூரா’வைத் தொடங்கிவைத்தார். யாழ்ப்பாணத்தில் பிறந்த மனிதர். அது வெள்ளோட்டம்தான். ஏப்ரல் 2ஆம் தேதி அன்றைய அரசுத் தலைவர் யூசோஃப் இஷாக் முறைப்படி தொடக்கிவைத்த பிறகு, ஒளிவழி 5இல் நான்கு மொழிகளும் நேரத்தைப் பங்குபோட்டுக்கொண்டன. ஒரே சமையலறையில் நான்கு மருமகள்கள் மாதிரி.

அதே ஆண்டு நவம்பர் 23இல் ஒளிவழி 8 வந்ததும் சீனமும் தமிழும் அங்கே குடிபோயின. கென்னடி சுடப்பட்ட செய்தி நம் ஊருக்கு வந்து சேர்ந்ததும் அதே நாள்தான். புது ஒளிவழி பிறந்ததை அன்றைக்கு எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. மலேசியாவில் தொலைக்காட்சி தொடங்கியது அதற்கும் ஒரு மாதம் கழித்து, டிசம்பர் 28இல்.

அப்போது வீட்டில் பெட்டி வைத்திருந்தவர்கள் வசதியுள்ளவர்கள். மற்றவர்கள் சமூக நிலையத்துக்குப் போய், தரையில் உட்கார்ந்து பார்த்தார்கள்.

செங்காங், உயர்நிலை 3: அங்கிள், 5, 8, 12 என்று ஏன் பெயர்? 6, 7 எங்கே?

நல்ல கேள்வி தம்பி. அவை பெயர்களே இல்லை, அலைவரிசை எண்கள். பழைய பெட்டியில் ‘டக் டக்’ என்று திருப்பும் குமிழ் இருக்கும். அதில் 5ஆம் இடத்தில் வைத்தால் ஒளிவழி 5, 8ஆம் இடத்தில் வைத்தால் ஒளிவழி 8. ஒட்டி ஒட்டி இருக்கும் இரண்டு அலைவரிசையில் ஒரே ஊரில் ஒளிபரப்பினால் ஒன்றின் படம் மற்றதைக் கெடுக்கும். அதனால் இடைவெளி விட்டார்கள். 12 வந்தது 1984 ஜனவரி 31இல்.

இந்த எண் விவகாரம் தமிழ்க் குடும்பங்களைக் கொஞ்சம் படுத்தியது. வசந்தத்துக்கு முன்னோடியான வசந்தம் சென்ட்ரல் வந்தது யுஎச்எஃப் என்ற உயர் அலைவரிசைத் தொகுதியில், 24ஆம் எண்ணில். எங்கள் வீட்டுப் பெட்டியின் மேல் முயல்காது மாதிரி இரண்டு கம்பி மட்டும்தான். 5, 8, 12 பளிச்சென்று தெரியும். 24இல் ஒரே பனிமூட்டம், உள்ளேயிருந்து யாரோ தமிழ் பேசும் சத்தம் மட்டும் வரும். வட்ட வளையம் வைத்த ஆண்டெனா வாங்கிவந்து மாட்டிய பிறகுதான் அம்மாவுக்கு முகம் தெரிந்தது. “இவ்வளவு நாள் இந்தப் பிள்ளைக்கு மீசை இருக்கிறதுன்னே தெரியல” என்றார்.

பிடோக்: வசந்தம் சென்ட்ரல் வேறு, வசந்தம் வேறா?

வேறுதான். 1990களின் நடுவில் தமிழ் நிகழ்ச்சிகள் 8இலிருந்து 12க்குப் போயின. அங்கே மலாய் நிகழ்ச்சிகளோடு ஒண்டுக்குடித்தனம். 2000 ஜனவரி 30இல் 12 முழுக்க மலாய் ஒளிவழி சூரியா ஆனது. தமிழ் அன்றைக்கே ‘சென்ட்ரல்’ என்ற இன்னோர் ஒளிவழிக்கு மாறியது. அங்கே குழந்தைகள் நிகழ்ச்சிக்கு ஒரு நேரம், கலைக்கு ஒரு நேரம், நமக்கு ஒரு நேரம். நம் பங்குக்குப் பெயர் வசந்தம் சென்ட்ரல். 2008 அக்டோபர் 19இல்தான் சென்ட்ரலை இரண்டாகப் பிரித்து, ஒன்றை ஒக்டோ என்றும் மற்றதை வசந்தம் என்றும் ஆக்கினார்கள். ஒக்டோ 2019 மே மாதம் ஒளிவழி 5க்குள் அடங்கிவிட்டது. வசந்தம் இருக்கிறது.

நிர்வாகத்தின் பெயரும் இப்படியே மாறிக்கொண்டு வந்தது. சுதந்திரத்துக்குப் பின் ஆர்டிஎஸ் (சிங்கப்பூர் வானொலி தொலைக்காட்சி), 1980 பிப்ரவரி 1 முதல் எஸ்பிசி (சிங்கப்பூர் ஒலிபரப்புக் கழகம்), 1994இல் அதையும் பிரித்தார்கள், கடைசியில் மீடியாகார்ப். என் மாமனார் சாகும்வரை “எஸ்பிசியில் என்ன படம்?” என்றுதான் கேட்டார். அவரைத் திருத்த யாருக்கும் மனம் வரவில்லை.

உட்லண்ட்ஸ்: தமிழ் முரசும் வசந்தமும் ஒரே நிறுவனமா?

இல்லை. முரசு 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய நாளிதழ், இன்று எஸ்பிஎச் மீடியாவின் கீழ் இருக்கிறது. வசந்தமும் ஒலி 96.8 வானொலியும் மீடியாகார்ப்பைச் சேர்ந்தவை.

அங் மோ கியோ, கொஞ்சம் கோபத்தோடு: அப்பா வருஷா வருஷம் டிவி உரிமக் கட்டணம் கட்டினார். நானும் கட்ட வேண்டுமா?

வேண்டாம் சார். ஆண்டுக்கு 110 வெள்ளி இருந்தது, 2011 வரவுசெலவுத் திட்டத்தில் ரத்து செய்துவிட்டார்கள்.

தெம்பனிஸ், தமிழகத்திலிருந்து வந்து 2 வருஷம்: செய்தியில் பாதி வார்த்தை புரியவில்லை. ‘வீவக’ என்றால் யார்?

சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம். நீங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியைக் கட்டியவர்கள். மசேநி என்றால் மத்திய சேமநிதி. மெட்ரோ என்று நீங்கள் சொல்வது இங்கே பெருவிரைவு ரயில். காண்டோ, கூட்டுரிமை வீடு. ‘ஐந்து வெள்ளி’ என்றால் ஐந்து வெள்ளிக்கிழமை இல்லை, ஐந்து டாலர்.

இந்த ஊர்ச் செய்தியறையின் வேலை எப்படிப்பட்டது என்று இதிலிருந்தே பார்க்கலாம். அமைச்சின் அறிக்கை ஆங்கிலத்தில் வரும். நாடாளுமன்றப் பேச்சு பெரும்பாலும் ஆங்கிலம். சம்பவ இடத்தில் பேட்டி கொடுப்பவர் சீனர் என்றால் அதுவும் ஆங்கிலம் அல்லது மாண்டரின். அன்று இரவே எல்லாம் தமிழில் ஓட வேண்டும். சென்னையில் செய்தி எழுதுபவருக்குச் சுற்றிலும் தமிழ் இருக்கிறது. இங்கே தினம் தினம் புதுச் சொல் கொத்த வேண்டும். கொத்தியது முரசிலும் வானொலியிலும் பள்ளிப் புத்தகத்திலும் ஒத்துப்போக வேண்டும், இல்லையென்றால் ஒரே திட்டத்துக்கு நான்கு பெயர்.

இன்னொரு தொல்லை, நீளம். ஆங்கிலத்தில் ‘பிடிஓ’ என்றால் மூன்று எழுத்து. தமிழில் ‘தேவைக்கேற்பக் கட்டித்தரப்படும் வீடுகள்’. சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், கடிகாரத்தையும் பாருங்கள். ஒரு செய்தித் துணுக்குக்குக் கிடைப்பது அரை நிமிடம். அந்தப் பெயர் நான்கு முறை வந்தால் செய்திக்கு இடமே இல்லை. அதனால்தான் முதலில் ஒருமுறை முழுப் பெயர், அப்புறம் ‘அந்த வீடுகள்’ என்று நகர்ந்துவிடுவார்கள். அதைச் சோம்பல் என்று திட்டுபவர்களை எனக்குத் தெரியும். என்னைக் கேட்டால், அதுதான் கைத்தொழில்.

ஜூரோங்: நாடகங்களை யார் எடுக்கிறார்கள்? பணம் யார் தருவது?

செய்தி நிலையத்தின் சொந்தச் சரக்கு. நாடகம், கலைநிகழ்ச்சி பெரும்பாலும் வெளியே உள்ள தயாரிப்பு நிறுவனங்கள் செய்து கொடுப்பவை. தமிழ் விளம்பரச் சந்தை சின்னது. விளம்பர வருமானத்தை மட்டும் நம்பினால் போலீஸ் நாடகம் எடுக்க முடியாது, இரண்டு பேர் சோபாவில் உட்கார்ந்து பேசுவதைத்தான் எடுக்கலாம். பொதுச் சேவை ஒளிபரப்பு என்ற வகையில் அரசாங்க நிதி வருவதால்தான் ‘வேட்டை’ மாதிரித் தொடர்கள் சாத்தியமாயின.

கதைச் சுருக்கம் கொடுப்பது, ஒப்புதல், வசனம், படப்பிடிப்பு, தொகுப்பு என்று போய்க் கடைசியில் என் மேசைக்கு வரும். ‘கடைசி’ என்றால் நாளைக்கு ஒளிபரப்பு, இன்று இரவு துணைவசனம்.

திரையில் இரண்டு வரிதான், அதுவும் கண் படித்து முடிக்கும் நேரத்துக்குள். ஒருமுறை ஒரு நிறுவனத்தின் நாடகத்தில் (பெயர் வேண்டாம்) பாட்டி பேரனிடம், “அத்தை பொண்ணைக் கட்டிக்கோ” என்கிறார். தயாரிப்பாளர் அவசரத்தில் ‘கசின்’ என்று மாற்றிவிட்டார். மறுநாள் மின்தூக்கியில் என் சீனப் பக்கத்துவீட்டுக்காரம்மா பிடித்துக்கொண்டார்: “உங்கள் நாடகத்தில் ஏன் எல்லாரும் கசினைக் கல்யாணம் செய்கிறார்கள்?” அத்தை மகள் வேறு, சித்தி மகள் தங்கை முறை என்று பதினோராவது மாடி வரை விளக்கினேன். அவர்கள் மொழியிலும் அப்பா வழி, அம்மா வழி என்று தனித்தனிச் சொல் உண்டு என்பதால் சட்டென்று பிடித்துக்கொண்டார். ஆங்கிலம்தான் நடுவில் நின்று எல்லாரையும் ‘ஆன்ட்டி’ ஆக்கிவிடுகிறது.

ஈசூன்: 1970களில் என் பெரியப்பா ஒரு தமிழ் நாடகத்தில் நடித்தார். அதைப் பார்க்க முடியுமா?

அந்தக் கால ஒளிநாடா விலை அதிகம். ஒன்றை ஒளிபரப்பிவிட்டு அதன் மேலேயே இன்னொன்றைப் பதிவது உலகம் முழுக்க இருந்த வழக்கம். எஞ்சியவற்றில் பல தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. இணையத்தில் அவர்கள் பட்டியலைத் தேடலாம். பெயரை ஆங்கில எழுத்தில் மூன்று நான்கு விதமாக எழுதித் தேடுங்கள், ‘ழ’ வந்தால் ஐந்து விதமாக. படம் கிடைக்காவிட்டால் பழைய முரசில் நிகழ்ச்சி நிரலாவது கிடைக்கலாம்.

புக்கிட் பாத்தோக்: அம்மாவின் பழைய பெட்டியில் எதுவுமே தெரியவில்லை. பழுதா?

பழுதில்லை. 2018 முடிந்த கையோடு பழைய அனலாக் ஒளிபரப்பை நிறுத்திவிட்டார்கள். இப்போதைய டிஜிட்டல் ஒளிபரப்பைப் பிடிக்கும் டிவிபி-டி2 பெட்டி ஒன்றும் சின்ன ஆண்டெனாவும் வாங்கி மாட்டுங்கள். கட்டணத் தொலைக்காட்சி இல்லாத வீவக வீடுகளுக்கு அப்போது இலவசமாகவே கொடுத்தார்கள், அம்மா அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறாரா என்று முதலில் பாருங்கள்.

பொங்கோல்: யூடியூப்பில் சன் டிவியும் விஜய் டிவியும் கொட்டிக் கிடக்கும்போது வசந்தம் எதற்கு?

தமிழ்நாட்டு நாடகத்தில் மாமியார் புடவைக்கடையிலிருந்து வந்தவர் போல் இருப்பார், தேக்காச் சந்தைக்குக் கூடை எடுத்துப் போக மாட்டார். நம் பிள்ளைகள் தேசிய சேவைக்கு (கட்டாய ராணுவப் பணிக்கு) போவதையும், தாத்தா உணவங்காடியில் கோப்பி குடிப்பதையும், பேரன் தமிழில் கேட்ட கேள்விக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்வதையும் அங்கே யாரும் எடுக்கப் போவதில்லை. எல்லாம் நன்றாக எடுக்கிறார்களா என்றால், இல்லை. சில நாடகங்களுக்குத் துணைவசனம் எழுதும்போதே எனக்குத் தூக்கம் வந்திருக்கிறது. மீடியாகார்ப்பின் இணையத் தளமான மீவாட்சில் வேகமாக ஓட்டிப் பாருங்கள், வீணான நேரம் குறையும்.

கிளமெண்டி: நான் துணைவசனம் எழுதக் கற்க விரும்புகிறேன். எங்கே தொடங்குவது?

ஒரு கல்யாண வீட்டுக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள், மூன்று நிமிடம் போதும். “வாங்க வாங்க, சாப்பிட்டீங்களா?” என்று யாராவது சொல்வார்கள். அதை இரண்டு விநாடியில் படிக்கிற ஆங்கிலத்தில் எழுதுங்கள். சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை, வந்ததில் சந்தோஷம் என்கிறார், ஆனால் அடுத்த காட்சியில் நிஜமாகவே இலை போடுகிறார்கள். எழுதிவிட்டு எனக்கு அனுப்புங்கள்.