போலீஸ் அடித்தார்கள், ஆனால் பெயர் தெரியாது. வழக்குப் போட முடியுமா?

தம்பி புழல் சிறையில் விசாரணைக் கைதி, ஸ்டேஷனில் நாலு பேர் சேர்ந்து அடித்திருக்கிறார்கள், யார் பெயரும் அவருக்குத் தெரியாது என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வழக்குப் போடலாம். நான் வியாசர்பாடிக்காரன், ஜார்ஜ் டவுன் கோர்ட்டில் வக்கீல். "பேரு தெரியாம கேஸ் நிக்காது" என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஒதுங்கிப்போன குடும்பங்களை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. தெரிந்தவர் மீதும் தெரியாதவர் மீதும் புகார் கொடுக்கலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது.

பெயர்கள் எல்லாம் போலீஸ் எழுதிவைத்த காகிதத்திலேயே கிடக்கின்றன. அன்றைக்கு யார் டூட்டி, யார் பாரா (காவல் நிற்பவர்), யார் வெளியே போனார்கள் என்பது ஸ்டேஷனில் தினமும் எழுதும் பொது நாட்குறிப்பில் இருக்கும். கைது செய்கிறவர் பெயர்ப் பட்டை அணிய வேண்டும், கைதுக் குறிப்பு எழுதிச் சாட்சிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்று 1996-லேயே டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ரிமாண்டுக்குக் கூட்டிப்போனவர்கள், புழலில் ஒப்படைத்தவர்கள் பெயரும் பதிவாகியிருக்கும். இதையெல்லாம் கோர்ட் மூலம் வரவழைக்கலாம்.

அடுத்த முறை மனு போட்டுப் பார்க்கப் போகும்போது தம்பியிடம் நிதானமாகக் கேளுங்கள். தோளில் எத்தனை நட்சத்திரம்? இரண்டு என்றால் எஸ்.ஐ., மூன்று என்றால் இன்ஸ்பெக்டர். கையில் மூன்று பட்டை என்றால் ஏட்டு. மஃப்டியில் இருந்தவரை மற்றவர்கள் எப்படிக் கூப்பிட்டார்கள்? எந்த அறை, லத்தியா பைப்பா, எந்தக் கை? வீட்டுக்கு வந்ததும் தேதி போட்டு எழுதிவையுங்கள்.

ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருந்தால் ஏ.ஆர். காப்பி, அதாவது காயங்களை டாக்டர் எழுதும் விபத்துப் பதிவேட்டின் நகல், வாங்குங்கள். அதில் "பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்" என்று இருந்தாலும் மனசு விட வேண்டாம். சிறைக்குள் சேர்க்கும்போது டாக்டர் பார்த்து எழுதிய காயங்களோடு ஒப்பிட்டாலே பொய் தெரிந்துவிடும். முதுகிலும் உள்ளங்காலிலும் கன்றிப்போயிருந்தால் அது வழுக்கி விழுந்த காயமாக இருக்க முடியாது.

எல்லாவற்றையும்விட அவசரம் சிசிடிவி. 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வைக்க வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. ஆனால் நடைமுறையை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. அதே வருடம், போலீஸ் காவலில் அடிபட்டுத் தந்தையும் மகனும் இறந்த சாத்தான்குளம் வழக்கில், ஸ்டேஷனுக்கு விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட், ஹார்டு டிஸ்கில் இடம் இருந்தும் பதிவு தினமும் தானாக அழியும்படி செட் செய்திருந்ததைக் கண்டுபிடித்தார். அங்கே உண்மை வெளியே வர உதவியது, அன்று டூட்டியில் இருந்த தலைமைக் காவலர் ரேவதியின் சாட்சி. ஆக, தேதி, நேரம் குறிப்பிட்டு, பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி இன்றைக்கே கமிஷனருக்குப் பதிவுத் தபால் அனுப்புங்கள். மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் ஒரு மனு. அந்தப் பதிவை வரவழைக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு என்று அதே தீர்ப்பு சொல்கிறது. சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் ஆணையத்துக்குப் போய்விட வேண்டும்.

அமெரிக்காவில் இப்படிப்பட்ட வழக்கை, பெயர் தெரியாதவருக்கு வைக்கும் 'ஜான் டோ' என்ற பொதுப்பெயரைப் போட்டே தொடங்குகிறார்கள். வக்கீல் இல்லாத கைதிக்கு அதிகாரியை அடையாளம் காண கோர்ட்டே உதவ வேண்டும் என்று 1997-ல் வாலன்டின் வழக்கில் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. பூட்டிய அறைக்குள் அடிவாங்கியவனிடம் போய் பெயர்ப் பட்டியல் கேட்பது எந்த ஊரிலும் நியாயம் இல்லை.

வக்கீல் ஃபீஸுக்குப் பணம் இல்லையென்றால் தம்பியையே சிறைக் கண்காணிப்பாளர் வழியாக மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு எழுதச் சொல்லுங்கள். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள்.