ஒன்றா, ஒருவரா? வாசகர் கேள்வி பதில்

திரித்துவம், அதாவது பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே தேவன் என்னும் போதனை பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழில் சேர்த்திருக்கிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடத்தில் ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டோம்.

நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), மனைவி ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கம்). என் வேதாகமத்தில் 1 யோவான் 5:7 ‘பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி... இம்மூவரும் ஒன்றாயிருக்கிறார்கள்’ என்று இருக்கிறது. அவள் பைபிளில் அந்த வரியே இல்லை. வீடு வீடாக வருகிற யெகோவாவின் சாட்சிகள், ‘சபைகள் பின்னால் சேர்த்த வசனம் இது’ என்கிறார்கள். உண்மையா?
– வாசகர், காட்பாடி

அந்த வரியைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது சரி. அதை வைத்து, திரித்துவமே பொய் என்று அவர்கள் எடுக்கும் முடிவுதான் தவறு.

சினாய் பிரதி, வத்திக்கான் பிரதி, அலெக்சாந்திரியப் பிரதி ஆகிய பழைய கிரேக்கக் கைப்பிரதிகள் எதிலும் அந்த வரி இல்லை. அது லத்தீனில் வளர்ந்த வரி. அறிஞர் எராஸ்மஸ் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டபோது, 1516, 1519 பதிப்புகளில் அதைச் சேர்க்கவில்லை. எதிர்ப்புக் கிளம்பியது. அந்த வரியுள்ள கிரேக்கப் பிரதி ஒன்று கைக்கு வந்ததும் 1522 பதிப்பில் சேர்த்தார். அந்தப் பிரதியே அவர் காலத்தையொட்டி எழுதப்பட்டதுதான். அங்கிருந்து 1611 ஆங்கில வேதாகமத்துக்குப் போனது. நம் பழைய தமிழ்த் திருப்புதலும் அதே பாடத்தைப் பின்பற்றியது. உங்கள் மனைவி கையில் இருக்கும் பொது மொழிபெயர்ப்பு (1995) பழைய பிரதிகளின் வழியே போகிறது. அதில் ‘சான்று அளிப்பவை மூன்று’ என்று தொடங்கி, தூய ஆவி, நீர், இரத்தம் மட்டுமே வரும்.

ஆனால் குமாரனும் தேவனே என்று அறிக்கையிட்ட ஆயர்கள் கூட்டமான நிசேயா சங்கம் கூடியது 325இல். குமாரன் படைக்கப்பட்டவர் என்று போதித்த ஆரியுவின் கொள்கையோடு ஆயுள் முழுக்க மல்லுக்கட்டிய ஆயர் அத்தனாசியு இந்த வரியை எங்குமே எடுத்துக்காட்டவில்லை. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவாரா? அவருக்குத் தெரிந்த பைபிளில் அது இல்லை. இல்லாமலேதான் திரித்துவ விசுவாசம் வகுக்கப்பட்டது. எனவே வரியை எடுத்துவிட்டால் கட்டடம் விழாது. அடுத்த முறை வாசலில் பேச்சு வந்தால், இந்த வசனத்தை நீங்களே விட்டுக்கொடுத்துவிட்டு, இயேசுவைத் தேவன் என்கிற யோவான் 1:1, 20:28, எபிரெயர் 1 என்று தொடங்குங்கள்.

‘திரித்துவம்’ என்ற சொல்லே வேதத்தில் இல்லையே?
– வாசகி, சத்துவாச்சாரி

இல்லை. குமாரன் பிதாவோடு ‘ஒரே பொருளானவர்’ என்று நிசேயா அறிக்கை சொல்கிறதே, அதற்கான கிரேக்கச் சொல்லும் இல்லை. நிசேயாவில் கூடியிருந்த ஆயர்களிலேயே பலருக்கு அது உறுத்தியது. முதலில் வேதச் சொற்களாலேயே எழுதிவிடத்தான் பார்த்தார்கள். ‘குமாரன் தேவனிடமிருந்து வந்தவர்’ என்று எழுதலாம் என்றால், ஆரியு பக்கத்தார், ‘சகலமும் தேவனால் உண்டானதுதானே’ என்று ஒத்துக்கொள்ளத் தயாரானார்கள். எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் தங்கள் பொருளில் விழுங்கிவிட்டார்கள். அவர்களால் விழுங்க முடியாத ஒரு சொல் வேண்டியிருந்தது. அதுதான் ‘ஒரே பொருளானவர்’. ஞாயிறு தோறும் ‘இவர் உதித்தவர், உண்டாக்கப்பட்டவர் அல்லர்’ என்று பூசையில் சொல்கிறோமே, அந்த ‘அல்லர்’ ஆரியுவுக்குச் சொன்ன பதில்.

கொலோசெயர் 1:15இல் இயேசு ‘சர்வ சிருஷ்டிக்கும் முந்தின பேறுமானவர்’ என்று இருக்கிறது. அப்படியானால் முதலில் படைக்கப்பட்டவர் என்றுதானே ஆகிறது?
– வாசகர், ஆரணி

‘பேறு’ வேறு, ‘படைப்பு’ வேறு. கிரேக்கத்திலும் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் உண்டு. பவுல் போட்டது ‘புரோட்டோடொக்கோஸ்’, அதாவது தலைப்பிள்ளை. தலைப்பிள்ளை என்பது பிறந்த வரிசையை மட்டும் குறிப்பதில்லை, உரிமையையும் குறிக்கும். சங்கீதம் 89:27 தாவீதை ‘முதற்பேறானவன்’ ஆக்குவதாகச் சொல்கிறது. தாவீதோ ஈசாயின் கடைசிப் பிள்ளை.

அடுத்த வசனத்தையும் சேர்த்துப் படியுங்கள்: ‘அவருக்குள் சகலமும் சிருஷ்டிக்கப்பட்டது.’ சகலமும் அவருக்குள் என்றால் அவர் அந்தக் கணக்கில் வர முடியாது. யெகோவாவின் சாட்சிகளின் மொழிபெயர்ப்பில் இங்கே ‘மற்ற’ என்ற சொல் கூடுதலாக வரும். கிரேக்க மூலத்தில் அந்தச் சொல் இல்லை.

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை. கூட வேலை செய்யும் பாய், ‘நானே கடவுள், என்னை வணங்குங்கள் என்று ஈசா நபி சொன்ன ஒரு இடம் காட்டு’ என்கிறார். என்ன காட்டுவது?
– வாசகர், ஆம்பூர்

தம்பி, அந்த வாக்கியம் அப்படியே நான்கு சுவிசேஷங்களிலும் இல்லை. தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். யூதர் நடுவே இயேசு செய்ததும், கேட்டவர்கள் அதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதும்தான் நம்மிடம் இருக்கும் சான்று. மாற்கு 2இல் திமிர்வாதக்காரனின் பாவத்தை மன்னிக்கிறார். ‘தேவன் ஒருவரேயன்றி வேறு யார் மன்னிக்க முடியும்’ என்று வேதபாரகர் கேட்கிறார்கள். யோவான் 8:58இல் ‘ஆபிரகாம் உண்டாகிறதற்கு முன்னமே நான் இருக்கிறேன்’ என்கிறார். ‘இருந்தேன்’ என்று அவர் சொல்லவில்லை. அடுத்த வசனத்தில் கல்லை எடுக்கிறார்கள். தோமா ‘என் ஆண்டவரே, என் தேவனே’ என்றபோது அவர் தடுக்கவில்லை. கொர்நேலியு காலில் விழுந்தபோது பேதுரு, ‘எழுந்திரும், நானும் ஒரு மனுஷன்தான்’ என்று தூக்கிவிட்டதை (அப். 10:26) பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பாயும் மாற்கு 13:32ஐக் காட்டுவார்: கடைசி நாள் எப்போது என்பதைக் ‘குமாரனும் அறியார்’. இதை மழுப்பாதீர்கள். ஆரியு பக்கத்தாரும் இதே வசனத்தைத்தான் எடுத்தார்கள். கிறிஸ்து முழுக்கத் தேவன், முழுக்க மனிதன் என்று 451இல் கல்செதோன் சங்கம் சொன்னது. பசித்ததும் அழுததும் அறியாதிருந்ததும் மனிதத் தன்மையில். இது அவருக்கு ஒப்பாமல் போகலாம். நாம் சொல்வது என்ன என்பதாவது தெளிவாகும். இன்னொன்று, குர்ஆன் 5:116 ஈசாவையும் அவர் தாயாரையும் இரு கடவுள்களாக எடுத்துக்கொள்வதை மறுக்கிறது. அதை எந்தச் சபையும் போதிப்பதில்லை. அந்த அளவுக்கு நீங்களும் பாயும் ஒரே பக்கம்தான்.

ஞாயிறு பள்ளியில் எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு எந்த உதாரணம் சொல்லலாம்? தண்ணீர்–பனிக்கட்டி–நீராவி சொல்லி வருகிறேன்.
– ஆசிரியை, ராணிப்பேட்டை

நிறுத்திவிடுங்கள் அம்மா. தண்ணீர் பனிக்கட்டியாகும்போது தண்ணீராக இராது. ஒருவரே மூன்று வேஷம் போடுகிறார் என்றாகிவிடும். 3ஆம் நூற்றாண்டில் சபெல்லியு என்பவர் சொன்ன தவறான போதனை அதுதான். யோர்தான் கரையில் குமாரன் தண்ணீரிலிருந்து ஏறுகிறார், ஆவி இறங்குகிறார், பிதா பேசுகிறார். மூவரும் ஒரே நேரத்தில் இருக்கிறார்கள். ‘ஒரே ஆள் அப்பா, மகன், கணவன்’ என்பதிலும் இதே கோளாறு.

தேங்காய் (மட்டை, ஓடு, பருப்பு) எதிர்ப்பக்கம் சாய்கிறது. மட்டை மட்டும் தேங்காய் ஆகாது. பிதாவோ மூன்றில் ஒரு பங்கு தேவன் அல்ல, முழுத் தேவன். பாலாறும் செய்யாறும் வேகவதியும் திருமுக்கூடலில் கூடுவதைச் சொல்கிறவர்களும் உண்டு. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் தனித்தனியே பிறந்த மூன்று ஆறுகள் பின்னால் கலக்கின்றன, அது மூன்று தேவர்கள் கூட்டணி.

உதாரணத்துக்குப் பதில் படம் போடுங்கள். 13ஆம் நூற்றாண்டுக் கைப்பிரதிகளிலேயே இருக்கும் படம் இது. ஒரு முக்கோணம். மூன்று மூலையில் மூன்று வட்டம்: பிதா, குமாரன், பரிசுத்த ஆவி. நடுவில் ஒரு வட்டம்: தேவன். நடுவட்டத்திலிருந்து மூலைகளுக்குப் போகும் மூன்று கோட்டில் ‘ஆவார்’ என்று எழுதுங்கள். ஓரத்துக் கோடு மூன்றிலும் ‘அல்லர்’. பிள்ளைகள் விரலை வைத்து வாசிக்கட்டும்: பிதா தேவன் ஆவார், பிதா குமாரன் அல்லர். ஆறு கோடுகள், இரண்டு திசையிலும் வாசித்தால் பன்னிரண்டு வாக்கியம். பிள்ளைகள் வழக்கமாகச் செய்யும் தப்பு, ஓரக் கோட்டிலும் ‘ஆவார்’ போடுவது. அதுதான் தண்ணீர்–பனிக்கட்டிப் போதனை. நடுவட்டத்தை அழித்துக் காட்டுங்கள், மூன்று தேவர்கள் மிஞ்சுவது அவர்களுக்கே தெரியும்.

‘நானும் பிதாவும் ஒன்றாயிருக்கிறோம்’ என்பதால் இயேசுவே பிதா என்கிறது மகன் போகும் ‘இயேசு நாமம்’ சபை. அங்கே மறுபடி ஞானஸ்நானமும் எடுத்துக்கொண்டான். பெண் பார்த்திருப்பது ஆர்.சி. குடும்பத்தில். சிக்கல் வருமா?
– வாசகர், குடியாத்தம்

முதலில் வசனம். இங்கே தமிழே நமக்குத் துணை. யோவான் 10:30இல் இருப்பது ‘ஒன்று’, ‘ஒருவர்’ இல்லை. கிரேக்கத்திலும் அப்படியே: ஒருவரைக் குறிக்கும் ‘ஹெய்ஸ்’ இல்லை, அஃறிணையான ‘ஹென்’. வினையும் ‘இருக்கிறோம்’ என்று பன்மை. ஆள் இருவர், தன்மை ஒன்று.

ஞானஸ்நானத்துக்கு அவர்கள் காட்டுவது அப்போஸ்தலர் 2:38, 8:16, 10:48. தமிழில் மூன்றும் ஒரே மாதிரி ஒலிக்கும். கிரேக்கத்தில் ‘நாமத்தில்’ என்பதற்கு மூன்று இடத்திலும் வெவ்வேறு முன்னிடைச்சொல். மந்திரம்போல் ஓதிய நிலையான வாசகமாக இருந்தால் இப்படி மாறியிருக்காது. மத்தேயு 28:19 அந்தப் பகுதி உள்ள எல்லாக் கிரேக்கப் பிரதிகளிலும் இருக்கிறது.

திருமணத்துக்கு வருவோம். மகனுக்குக் குழந்தையில் உங்கள் சபையில் பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் தண்ணீரால் ஞானஸ்நானம் ஆகியிருந்தால், அது செல்லும். இரண்டாவது அதை அழிக்காது. கத்தோலிக்க மறைமாவட்ட ஆயரின் அனுமதி வாங்கும் கலப்புத் திருமணமாக விஷயம் முடியும். முதல் ஞானஸ்நானமே இல்லாமல் ‘இயேசு நாமத்தில்’ மட்டும் என்றால், கத்தோலிக்கத் திருச்சபை அதைத் திருமுழுக்காக ஏற்பதில்லை. அப்போது தேவைப்படுவது அனுமதி அல்ல, திருமுழுக்குப் பெறாதவரை மணப்பதற்கு உள்ள தடையிலிருந்து விலக்கு. அது இல்லாமல் நடந்தால் திருமணமே செல்லாது.

எனவே ஓலை (கோவிலில் திருமண அறிவிப்பு) வாசிக்க நாள் குறிப்பதற்கு முன்பே பழைய ஞானஸ்நானச் சான்றிதழை எடுத்துக்கொண்டு பெண் வீட்டாரின் பங்குத்தந்தையைப் பாருங்கள். சான்றிதழில் எந்த நாமத்தில் என்று எழுதியிருக்காவிட்டால், உங்கள் சபையின் சேகர ஆயரிடம் பதிவேட்டைப் பார்த்து ஒரு கடிதம் எழுதி வாங்குங்கள். பதிவேடு தொலைந்திருந்தால், அன்று கூட நின்ற ஞானப்பெற்றோர் எழுத்தில் தரும் சாட்சியையும் கேட்பார்கள். அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று இப்போதே விசாரித்து வையுங்கள்.